இசைக்கருவிக் கடையில் விற்பனை வேலை, போகலாமா?

அம்பைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பி.காம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு இசைக்கருவிக் கடையில் விற்பனைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். மாதம் 12,000 ரூபாய். அம்பாசமுத்திரத்தில் இருந்து ரயிலில் போய் வரலாம் என்று யோசனை. எனக்குத் தபேலா கொஞ்சம் தெரியும், ஊர்ப் பஜனைக் குழுவில் வாசிக்கிறேன். கிட்டார், கீபோர்டு எல்லாம் தொட்டதே இல்லை. வாசிக்கத் தெரியாத கருவியை எப்படி விற்பது? அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. ஜவுளிக்கடை என்றால் தீபாவளிக்காவது கூட்டம் வரும், இந்தக் கடைக்கு யார் வரப்போகிறார்கள் என்கிறார். இந்த வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் விவரம் சொல்லுங்களேன்.

நாசரேத் கீபோர்டு எழுதியது:

யார் வருவார்கள் என்று கேட்கிற அப்பாவை, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள் தம்பி. எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் சர்ச் உண்டு, பாடகர் குழுவும் உண்டு. கேரல் பவனி தொடங்குவதற்கு முன்னால் கீபோர்டு, டிரம் ஸ்டிக், கிட்டார் கம்பி, மைக் ஒயர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்போம்.

வாங்குகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கீபோர்டைப் பெட்டியோடு தூக்கிக் கொடுக்காதீர்கள். பிரித்து, 61 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டிவிட்டுக் கொடுங்கள். மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிக்கிற வகையா, இல்லையா என்பதை வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் வாசிப்பவருக்கு அது இல்லாமலும் நடக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது அவசியம்.

முருகன்குறிச்சிக்காரி எழுதியது:

தம்பி, நான் பாளையில் இதே மாதிரி ஒரு கடையில் பல வருஷமாக கவுண்டரில் நிற்கிறேன். சின்ன வயதில் படித்தது வயலின் மட்டும்தான். மற்றதெல்லாம் கடைக்கு வந்து பழகியது. வாசிக்கத் தெரியாது என்று பயப்பட வேண்டாம். சுருதி சேர்க்கத் தெரிந்தால் போதும். கிட்டாரை எடுத்துக் கையில் கொடுக்கும்போது அது சுருதியில் இல்லை என்றால், வாங்க வந்தவர் கருவியே சரியில்லை என்று கீழே வைத்துவிடுவார். காலையில் கடை திறந்ததும் தொங்குகிற கிட்டார்களை எல்லாம் சுருதி சேர்ப்பதுதான் என் முதல் வேலை. தபேலாவுக்குச் சுருதி சேர்த்துப் பழகிய காது உங்களுக்கு இருக்கிறது. மற்றது சீக்கிரம் வந்துவிடும்.

கிட்டாரில் இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கம்பிகளுக்கு ஃபிரெட் என்று பெயர். 12ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு சத்தம் வரும். அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் ஒரு சத்தம் வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். விலகினால் அந்தக் கிட்டாரை எப்படிச் சுருதி சேர்த்தாலும் மேலே போகப் போகப் பிசகும். அங்கேயே கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள். ரொம்பத் தூக்கி நின்றால் புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு விரல் புண்ணாகி, கொஞ்ச நாளில் கிட்டார் பரண் மேல் ஏறிவிடும். அப்படிப்பட்டதை விலை குறைவு என்பதற்காக ஒரு பிள்ளையின் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது. முதலாளியிடம் சொல்லி அதைச் சரிசெய்ய அனுப்பிவிடுவேன்.

விலைக்குப் போகும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். யார் வாசிக்கப் போகிறார்கள்? யாரிடம் படிக்கிறார்கள்? மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான். மகளுக்கு வயலின் வேண்டும் என்று ஒரு அம்மா வருவார்கள். பெரியவர்களுக்கானதை வாங்கிவிட்டால் வளர்ந்த பிறகும் உதவுமே என்பார்கள். எட்டு வயதுக் கைக்கு முழு அளவு வயலின் எட்டாது. அரை அளவு, முக்கால் அளவு என்று தனித்தனியாக இருக்கிறது. பிள்ளையை அழைத்து வரச் சொல்லி, கையை நீட்டவைத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். புல்லாங்குழல் என்றால் வாத்தியார் எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதி, சொன்னார் என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கவே கூடாது. தெரியாது என்றால் அங்கேயே வாத்தியாருக்கு போன் போடச் சொல்லுங்கள். இன்றைக்கு விற்காமல் போனாலும் பரவாயில்லை.

நம்ம பக்கத்தில் பெரிய வியாபாரம் தனி ஆள் செய்வதில்லை, குழுவாகத்தான் வருவார்கள். கோயில் கொடைக்கு, குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டிப் போகிற செட்டுக்கு, சபரிமலைக்கு மாலை போட்ட பஜனைக்கு என்று ஐந்தாறு பேராக வேனில் வந்து இறங்குவார்கள். பணம் வைத்திருக்கிற பெரியவர் முன்னால் நின்று பேசுவார். வாசிக்கிற பையன் பின்னால் நிற்பான், வாயே திறக்க மாட்டான். பெரியவருக்கு ஒரு வணக்கம் வைத்து நாற்காலி போட்டுவிட்டு, கருவியை அந்தப் பையன் கையில் கொடுங்கள். அவன் முகம் மலர்ந்தால் பெரியவர் விலையைப் பெரிதாகப் பேச மாட்டார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

மழைக்காலம் வந்தால் வேலை மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் தளரும். பறையைத் தீயில் காய்ச்சிவிடுவார்கள். மிருதங்கத்தை அப்படிச் செய்ய முடியாது, உறை போட்டு உலர்ந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், இருக்கிற கறுப்புக் கரணையை நகத்தால் சுரண்டிப் பார்க்கிற ஆட்கள் உண்டு, கனிவாகச் சொல்லித் தடுங்கள். ஒரு துணுக்கு பெயர்ந்தாலும் நாதம் போச்சு.

ஆன்லைனில் இதைவிடக் குறைவு என்று போனைக் காட்டுவார்கள். அதற்காகச் சண்டைக்குப் போகக் கூடாது. அங்கே வாங்கிய கிட்டாரைக் கம்பி மாற்ற நம்மிடம் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுங்கள். அடுத்த கருவிக்கு அவர் நேரே நம் கடைக்கு வருவார்.

அம்பைக்காரன் எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாதஸ்வரம், வில்லுப்பாட்டு ஆட்கள் வந்தால் என்ன பேசுவது? அவர்களுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்கு எனக்குத் தெரியாதே.

ஆலங்குளம் வில்லிசை எழுதியது:

எங்களிடம் பேச ஒன்றும் வேண்டாம் தம்பி, எடுத்துக் கொடுத்தால் போதும். வில்லும் குடமும் தேடி நாங்கள் கடைக்கு வருவதில்லை. ஜால்ராவும் உடுக்கையும்தான் கேட்போம். ஜால்ரா என்றால் இருக்கிற ஜோடிகளை எல்லாம் கவுண்டரில் பரப்பிவிடுங்கள், தட்டித் தட்டிப் பார்த்து நாங்களே பொறுக்கிக்கொள்வோம். நாதம் இழுத்து நிற்க வேண்டும், இரண்டு தட்டும் ஒத்துப் பேச வேண்டும். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தும்போது சத்தம் ஏறி இறங்க வேண்டும். இதற்கு நேரம் ஆகும். ஒரு கடையில் "எடுக்கப் போகிறீர்களா இல்லையா" என்று கேட்டார்கள், அந்தப் பக்கமே நாங்கள் அப்புறம் போகவில்லை.

முருகன்குறிச்சிக்காரி எழுதியது:

அண்ணாச்சி சொன்னது சரி. நாதஸ்வரக்காரர்களும் அப்படித்தான். கருவிக்கு நரசிங்கம்பேட்டை வரை போய் வருகிறவர்கள், நம்மிடம் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதுகிற துண்டு, வாங்க வருவார்கள். டப்பாவைத் திறந்து முன்னால் வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். நீங்கள் ரயிலில் வரும் வழியில்தான் காருகுறிச்சி இருக்கிறது. அந்த ஊர் நாதஸ்வர வித்வான் அருணாசலம் வாசித்ததைக் கேட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால் வேலைக்குச் சேரும் முன் கேளுங்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் கடைக்கு வருவார்கள், அவர்கள் காது எதைத் தேடுகிறது என்று அப்போதுதான் உங்களுக்குப் பிடிபடும்.

அப்புறம் சம்பள விஷயம். விற்பனைக்குக் கமிஷன் உண்டா, ஞாயிறு லீவா, டிசம்பரில் ராத்திரி எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒன்பது மணி வரை நிற்கச் சொன்னால் செங்கோட்டை பாசஞ்சரை நம்பி இருக்க முடியாது. பஸ்ஸுக்கு ஆகும் காசையும் கணக்குப் போட்டு அந்த 12,000-ஐப் பேசுங்கள்.