மாவு டப்பா மூடியில் நிறம் மாறும் காகிதம்: காப்புரிமை கேட்கலாமா?

மாவுக்காரம்மா, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருஷமாக வீட்டில் இட்லி மாவு அரைத்து மோட்டாரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தோட்டத்து லயத்தில் மிச்சமிருக்கிற குடும்பங்கள், பக்கத்துத் தாமான் குடியிருப்பு எல்லாம் சேர்த்து நாற்பது வீடு. பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் போன வருஷம் எவர்சில்வர் டப்பாவுக்கு மாறினேன். உள்ளே இருப்பது தெரிய மூடி மட்டும் தெளிவான பிளாஸ்டிக். டப்பாவுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) முன்பணம். கழுவித் திருப்பித் தந்தால் பணம் திரும்பும். இதுவரை மூன்று டப்பாதான் வரவில்லை.

பிரச்சினை புளிப்பு. நம் ஊர்ச் சூட்டில் காலை ஆறு மணிக்கு ஊற்றிய மாவு மதியம் மூன்று மணிக்கு மூடியைத் தூக்கிவிடும். லயத்தில் ஒரு பாட்டிக்கு வாசனை பிடிபடாது. இரண்டு நாள் வெளியில் இருந்த மாவில் தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க நெஞ்செரிச்சல். மறுநாள் போனபோது என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் ஒன்று செய்து பார்த்தேன். காப்பி வடிகட்டும் தாளைச் சங்குப்பூச் சாற்றில் முக்கி, நிழலில் காயவைத்து, மூடியின் உள்பக்கம் சொருகினேன். டப்பாவைக் கழுவும்போது பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதிதாகச் சொருக ஒரு சின்ன இடமும் செய்திருக்கிறேன். எலுமிச்சைச் சாறு பட்டால் காகிதம் ஊதாவாகி அப்புறம் இளஞ்சிவப்பாகிறது, சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் பச்சை. ஆனால் மாவு நன்றாகப் புளித்த பிறகும் மூடியில் நீலம் நீலமாகவே இருக்கிறது. ஏன்? இதற்குக் காப்புரிமை கிடைக்குமா? போன மாதம் வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவில் படமும் போட்டுவிட்டேன்.

பால் ஸ்டோர் ஐயா, குவாலா கங்சார்:

தங்கச்சி, கித்தா (ரப்பர்) ஆலைப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். மரத்தில் வெட்டின கித்தாப் பால் வெயிலில் நின்றால் கிருமி அதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலம் விடும், பால் தானே உறையும். அதைத் தடுக்கத்தான் அமோனியா விடுவோம்; வேண்டும்போது ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறைய வைப்போம். உன் மாவும் அதே கதைதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மாவைப் புளிக்க வைப்பது லாக்டிக் அமிலம். அது காற்றில் ஏறாது, மாவுக்குள்ளேயே கிடக்கும். மூடிவரை வருவது பெரும்பாலும் கரியமில வாயுதான். அதுவும் மூடியில் வேர்க்கும் நீரில் கரைந்து லேசான அமிலமாகும், ஆனால் மாவு எவ்வளவு புளித்தது என்று அது சொல்லாது. மூடியைத் திறந்தால் பறந்துவிடும். அதனால் காகிதத்தில் மாவு பட்டே ஆகவேண்டும்.

இரண்டாவது, சாயம். பிஎச் என்பது புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம். அரைத்த மாவின் பிஎச் 6-க்கு மேலே இருக்கும், புளித்தால் 4.5 பக்கம் இறங்கும். சங்குப்பூ அந்த இடைவெளியில் பெரிதாக அசையாது, அதற்கு எலுமிச்சை அளவுக்குப் புளிப்பு வேண்டும். ஊதா முட்டைக்கோஸ் சாற்றைப் போட்டுப் பார். அது ஊதாவிலிருந்து சிவப்புப் பக்கம் நகரும்.

பசார் மீன் கடை:

என் மீன் பெட்டிக்கும் இது ஆகுமா ஐயா?

பால் ஸ்டோர் ஐயா:

உங்களுக்குத்தான் மூடியிலேயே வேலை செய்யும். கெட்டுப்போகும் கடல் மீன் விடும் டிரைமெத்தில்அமீன் காற்றில் ஏறும், காரத் தன்மையும் உண்டு. மஞ்சள் தோய்த்த ஈரக் காகிதம் அதில் சிவக்கும். வீட்டில் ஆலம் கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதே மாற்றம். ஆனால் சிவக்கும் முன்பே மீன் பழசாகியிருக்கும். காகிதத்தை நம்பிக் கண்ணையும் கையையும் விட்டுவிடாதீர்கள்.

காப்புரிமை வேலை, ஈப்போ:

அக்கா, பூச்சாறு நிறம் மாறுவதற்குக் காப்புரிமை கிடைக்காது, அது ஊரறிந்த விஷயம். 1995-இல் அமெரிக்காவில் மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைக் காட்டி எதிர்த்தது, 1997-இல் ரத்தானது. நம் பாட்டிகள் செய்ததை யாரும் புதிது என்று சொல்ல முடியாது. இயற்கைச் சாயக் காகிதத்தை உணவுப் பொட்டலத்தில் வைப்பதற்கும் ஏற்கெனவே நிறைய விண்ணப்பங்கள் இருக்கின்றன. கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பேஸ்நெட் என்ற இணையத் தளங்களில் இலவசமாகத் தேடலாம், கட்டாயம் தேடுங்கள்.

உங்களுடையது என்று சொல்லக்கூடியது மூடியின் அமைப்புதான். மூடியும் காப்புரிமைக்கு உரியதுதான்: டப்பர்வேர் மூடிக்கு எர்ல் டப்பர் 1949-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். திரும்பத் திரும்பக் கழுவும் டப்பாவில் காகிதம் மட்டும் மாறுவதும், மாவு அதைத் தொடும் விதமும் புதிதாக இருந்தால் வழி உண்டு. காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம். அதைவிட எளிதாக இன்னொன்றும் மலேசிய அறிவுசார் சொத்து அலுவலகமான மைஐபிஓவில் இருக்கிறது, யுட்டிலிட்டி இன்னோவேஷன் என்பார்கள்: முதலில் 10 வருஷம், பயன்பாட்டில் இருந்தால் ஐந்தைந்தாக இரண்டு முறை நீட்டலாம். புதிதாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். பெரிய கண்டுபிடிப்பு நுணுக்கம் கேட்கமாட்டார்கள்.

படத்துக்கு வருகிறேன். விண்ணப்பிக்கும் முன் வெளியிட்டுவிட்டால் அது புதிது இல்லை என்று ஆகிவிடும். மலேசியாவில் நீங்களே வெளியிட்டிருந்தால் விண்ணப்பிக்க ஒரு வருஷ அவகாசம் உண்டு, பல நாடுகளில் அதுவும் கிடையாது. இனி ஒரு படமும் போடாதீர்கள். கித்தா ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை தெரியவேண்டும். கித்தாவைக் கந்தகத்தோடு சூடாக்கிக் கெட்டியாக்கியவர் சார்லஸ் குட்இயர். அவருடைய மாதிரித் துண்டுகள் இங்கிலாந்தில் தாமஸ் ஹேன்காக் கைக்குப் போயின. ஹேன்காக் 1843 நவம்பரில் அங்கே விண்ணப்பித்துவிட்டார். குட்இயர் சில வாரம் பிந்திவிட்டார்.

மாவுக்காரம்மா, சுங்கை சிப்புட்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. குழுவில் போட்ட படத்தின் தேதியைக் குறித்து வைத்துவிட்டேன். மாவு காகிதத்தைத் தொட ஒரு வழி செய்துவிட்டேன், அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். கேமரன் மலை ஊதா முட்டைக்கோஸ் ஒன்று வாங்கி, சாறெடுத்துத் தாளை முக்கிக் காயவைத்தேன். ஆறு மணிக்கு ஊதா. மூன்று மணிக்குச் சிவப்புத் தட்டியது, மூடிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. அந்த டப்பாவை லயத்துப் பாட்டியிடம் கொண்டுபோனேன். மூடியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "காலையில மங்குஸ்தீன் தோல் கலரு, இப்ப ஜம்பு கலரு. இன்னைக்கே ஊத்திடணும்" என்று சொல்லிவிட்டு அடுப்பில் கல்லைப் போட்டார்.