தீர்த்தமாடி வரும் விருந்தினர், உப்பேறும் பெட்ஷீட்: வீட்டில் துவைப்பதா, லாண்டரிக்குப் போடுவதா?

பாம்பன்வீடு:
வணக்கம். பாம்பனில் எங்கள் பழைய வீட்டு மாடியை இரண்டு அறைகளாக்கி நாள் வாடகைக்கு விடுகிறோம். மொத்தம் நாலு டபுள் கட்டில். வருகிறவர்கள் பெரும்பாலும் ராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிறவர்கள். ஒரு ராத்திரி தங்கி, விடியற்காலையில் 22 தீர்த்தமும் ஆடி, பதினொரு மணிக்குக் கிளம்புவார்கள். ஒரு மணிக்கு அடுத்த குடும்பம் பெட்டியோடு வாசலில் நிற்கும். லாண்டரியில் போட்டால் மூன்று நாள் ஆகிறது. தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் அந்தக் கணக்கும் இல்லை. பேசாமல் ஃபிரண்ட் லோடு மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்கிறாள் மனைவி. ஆனால் போர் தண்ணீர் உப்பு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காத்து:
வாங்காதீர்கள். நம் தீவில் நிலத்தடியில் இருப்பது மழை பெய்து மணலில் தங்கிய நல்ல தண்ணீர்தான். அது உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக நிற்கிறது. தனுஷ்கோடியில் கையால் மணலைத் தோண்டியே குடிக்கிற தண்ணீர் எடுக்கிறார்களே, அது இந்த மேல் தண்ணீர்தான். தினம் நாலு கட்டில் துணிக்கு மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அப்புறம் துவைக்க மட்டுமல்ல, குளிக்கவும் ஆகாது. பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும்.

மெஷின் கதை தனி. பெட்ஷீட்டை எவ்வளவு உதறினாலும் தலையணை உறையின் மூலையில், டவலின் மடித்துத் தைத்த ஓரத்தில் மணல் இருந்தே தீரும். அது கதவு ரப்பரின் மடிப்பில் போய் உட்கார்ந்து ரப்பரை அறுக்கும். ஹீட்டரில் சுண்ணாம்பு படியும்.

லாண்டரி தாமதம் என்பது கையிருப்பு விஷயம். தினம் மாற்றுகிற கட்டிலுக்கு, விரித்தது ஒன்று, வெளியே போனது மூன்று, அலமாரியில் ஒன்று, ஆக ஐந்து வேண்டும். நாலு கட்டிலுக்கு இருபது பெட்ஷீட். குறைவாக வைத்துக்கொண்டு லாண்டரிக்காரரைத் திட்டினால் அவர் என்ன செய்வார்?

தங்கச்சிமடம்அக்கா:
தம்பி உப்புக்காத்து, ஒரு சின்னக் கேள்வி. லாண்டரிக்காரருக்கு மட்டும் காசியிலிருந்து கங்கைத் தண்ணீர் வருகிறதா? அவரும் இதே ஊர் போர் தண்ணீரில்தான் அலசுகிறார். அதோடு நாலு லாட்ஜ் துணியும் ஒரே தொட்டியில் விழும். என் வெள்ளை பெட்ஷீட் யாரோ ஒருவர் வீட்டு ஊதாப்பூ போட்ட பெட்ஷீட்டாகத் திரும்பி வந்திருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்கிறார்!

நான் வீட்டில்தான் துவைக்கிறேன். ஆனால் ஃபிரண்ட் லோடு இல்லை, இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக். பலர் அதை ஏழை வீட்டு மெஷின் என்று ஒதுக்குகிறார்கள். இந்த ஊருக்கு அதுதான் சரி. காரணம், எந்தத் தண்ணீரை எப்போது ஊற்றுவது என்பது நம் கையில் இருக்கிறது. துவைப்பது போர் தண்ணீரில், சோப்புத் தூளோடு கொஞ்சம் சலவைச் சோடா சேர்த்து. கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் துணியில் அழுக்குப் படலமாக ஒட்டுவதைச் சோடா குறைக்கும். முதல் அலசலும் போர் தண்ணீரிலேயே. கடைசி அலசல் மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், அதுவும் தொட்டி நிறைய இல்லை, துணி முழுகும் அளவுக்கு. பிறகு பிழிந்து காயப்போட வேண்டியதுதான்.

அந்தக் கடைசி அலசலைத் தவிர்த்தால் துணி காய்ந்தும் காயாத மாதிரி இருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் இல்லையா? காலையில் மொடமொடவென்று மடித்து வைத்த டவல் ராத்திரியில் பிசுபிசுக்கும். விருந்தினர் அதைத் தொட்டுப் பார்த்து, துவைக்கவே இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்.

மண்டபம்முனை:
எங்கே துவைத்தாலும் சரி, வெள்ளையை விட்டுவிடுங்கள். திருநீறு, சந்தனம், குங்குமம், தலைக்குத் தேங்காய் எண்ணெய். இது கோயில் ஊர். காப்பிக் கலரில் எடுத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஊர்சுற்றி:
நான் அறை எடுத்துத் தங்குகிற கட்சி. காப்பிக் கலர் பெட்ஷீட்டைப் பார்த்தாலே நான் சந்தேகப்படுவேன். எதை மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். வெள்ளை போட்டிருந்தால் ஒரு ஓரத்தில் லேசாகக் கறை தெரிந்தாலும் பரவாயில்லை, துவைத்தது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

மண்டபம்முனை:
நீங்கள் கறை தெரிந்தால் பரவாயில்லை என்று இங்கே எழுதுவீர்கள். அறையில் பார்த்தால் போட்டோ எடுத்துப் போடுவீர்கள். எல்லாரையும் பார்த்தாகிவிட்டது.

தங்கச்சிமடம்அக்கா:
கலர் துணி கறையை மறைக்குமே தவிர எண்ணெய் வாடையை மறைக்காது, மண்டபம். தலையணை உறையில் இருக்கும் எண்ணெய்க்கு, நனைப்பதற்கு முன்னால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, வெந்நீரில் ஊறவைத்தால் போதும். மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் செங்கல் நிறமாகும், பயந்துவிடக் கூடாது. அலசி, நேர் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். சாயம் கலந்த கடைக் குங்குமம்தான் மல்லுக்கட்டும். அதைக் கண்டு பிளீச்சைக் கொட்டிவிடாதீர்கள். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் பிளீச் பட்டதும் மொத்தத் துணியும் பழுப்பேறும். வெள்ளையை நான் விடமாட்டேன். கறை எங்கே என்று தெரிந்தால்தானே எடுக்க முடியும்.

உப்புக்காத்து:
அக்கா சொல்வது பங்குனி, சித்திரையில் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்து மழை பிடித்துக்கொள்ளுமே, அப்போது எங்கே காயப்போடுவீர்கள்? காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீர் இழுக்க ஆரம்பிக்கும். நம் ஊரில் மழைக்காலத்து ராத்திரிகளில் அது சர்வசாதாரணம். ஆடியில் மழை இல்லை, ஆனால் காற்று மொட்டை மாடிக் கொடியில் கிடக்கிற ஈரத் துணியில் மணலை அப்பிவிட்டுப் போகும். லாண்டரிக்காரரிடம் டிரையர் இருக்கிறது. உங்களிடம்?

தங்கச்சிமடம்அக்கா:
மாடியில் ஷீட் கூரை போட்டு, காற்று வரும் பக்கம் கொசுவலை அடித்திருக்கிறேன். ஃபேன் ஓடும். மழைக்காலத்தில் பருத்திக்குப் பதில் பாலியஸ்டர் கலந்த பெட்ஷீட், சீக்கிரம் காயும். அப்படியும் நாலு நாள் அடைமழை என்றால் டிரையர் உள்ள இடத்துக்கு அனுப்புவேன், அதை இல்லை என்று சொல்லவில்லை. நாலு நாளுக்காக வருஷம் முழுக்க அனுப்பச் சொல்கிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கீழக்கரைபாய்:
அண்ணே, அக்கா, இரண்டு பேரும் பெட்ஷீட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஈரத்தில் முக்கால்வாசி டவலில்தானே இருக்கிறது? ஓட்டல் மாதிரி இருக்க வேண்டும் என்று 500 ஜிஎஸ்எம் டவல், அதாவது சதுர மீட்டருக்கு 500 கிராம் எடையுள்ளது, வாங்குகிறார்கள். 75க்கு 150 செ.மீ. டவல் ஒன்று காய்ந்த நிலையிலேயே அரைக் கிலோவுக்கு மேல். ஒரு குடும்பத்துக்கு நாலு கொடுத்தால் அதைத் துவைத்துக் காயவைப்பதற்குள் அடுத்த குடும்பம் வந்துவிடும்.

தீர்த்தமாடுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. 22 இடத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஈரிழைத் துண்டு கையில் கொடுங்கள், கோயிலுக்குக் கிளம்பும்போதே. கோயிலில் துடைத்து, ஈரத்துணி மாற்றிக்கொண்டு, அதிலேயே சுற்றி எடுத்து வருவார்கள். அறைக்கு வந்து பெட்ஷீட்டில் தலை துவட்டுகிற வேலை நின்றுவிடும். துண்டை அலசிக் கொடியில் போட்டால் நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். கனத்த டவல் கட்டிலுக்கு ஒன்று போதும், கேட்டால் இன்னொன்று.

எங்களிடம் ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்கள் அதிகம். வாரக்கணக்கில் தங்குவார்கள், தினம் மாற்றும் தொல்லை இல்லை. அதனால் பெட்ஷீட் வெளியே, டவலும் துண்டும் வீட்டில் என்று பிரித்துவிட்டோம்.

உப்புக்காத்து:
பாய் சொல்வது நியாயம். ஈரிழைத் துண்டுக்குத் தண்ணீரும் கொஞ்சம்தான் பிடிக்கும், அதற்கு நான் மறுப்பு சொல்லவில்லை. பெட்ஷீட் வெளியேதான் போக வேண்டும்.

பாம்பன்வீடு:
எல்லாருக்கும் நன்றி. ஃபிரண்ட் லோடு யோசனையை விட்டாயிற்று. அக்கா சொன்ன செமி ஆட்டோமேட்டிக் ஒன்று, டவலுக்கும் துண்டுக்கும். பெட்ஷீட் இப்போதைக்கு லாண்டரி, இருபது வாங்க முடியாது, பன்னிரண்டு வாங்குகிறேன். வெள்ளைதான். துணியின் ஓரத்தில் கலர் நூலால் அடையாளம் தைத்துவிடப் போகிறாள் மனைவி. ஊதாப்பூ நம் வீட்டுக்கு வரக் கூடாது.

துண்டு, பெட்ஷீட் மொத்தமாக எங்கே வாங்குகிறீர்கள்?

கீழக்கரைபாய்:
துண்டுக்கு ஈரோடு ஜவுளிச் சந்தை, பெட்ஷீட்டுக்குச் சென்னிமலை. இரண்டும் பக்கம் பக்கம், ஒரே நடையில் முடித்துவிடலாம்.

தங்கச்சிமடம்அக்கா:
பன்னிரண்டு என்றால் கட்டிலுக்கு மூன்று. லாண்டரிக்காரர் மூன்று நாள் எடுத்தால் மூன்றாம் நாள் மத்தியானம் வெறும் மெத்தையில்தான் படுக்க வைப்பீர்கள். தம்பி உப்புக்காத்து போட்ட கணக்குதான் இது. நாலு பெட்ஷீட்டையாவது வீட்டில் துவைக்கப் பழகுங்கள்.

உப்புக்காத்து:
அல்லது நாள் விட்டு நாள் வந்து எடுத்துப் போகிற லாண்டரியாகப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து வண்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அக்கா பேச்சைக் கேட்டு மோட்டாரை மட்டும் போட்டுவிடாதீர்கள்.