புதுப்பிப்பு: 512 ஜிபி மெமரி கார்டு போலிதான், பணம் திரும்ப வந்தது

ஆன்லைனில் வாங்கிய 512 ஜிபி மெமரி கார்டில் போட்ட வீடியோக்கள் திறக்கவில்லை, கார்டு போலியா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஃபார்மட் செய்தும் பலனில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளில் சோதிக்கச் சொன்ன யோசனைதான் விடை தந்தது. அது கார்டு நிறையும்வரை சோதனைக் கோப்புகளை எழுதி, பிறகு அவற்றைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பல மணி நேரம் ஓடும், பொறுமை வேண்டும். உள்ளே உண்மையில் இருந்தது 32 ஜிபிதான்! மிச்சமெல்லாம் கன்ட்ரோலர், அதாவது கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு சிப், சொன்ன பொய். கோப்புப் பட்டியல் கார்டின் தொடக்கத்திலேயே பதிவாகிறது. அதனால் பெயரும் அளவும் சரியாகத் தெரியும், திறந்தால்தான் ஒன்றுமிருக்காது. லினக்ஸ், மேக் என்றால் எஃப்3 என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்யும்.

அப்புறம் பண விஷயம். விற்றவர், "கார்டை வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பணம் தருகிறோம்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தளத்திலேயே 'போலிப் பொருள்' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுத்தேன். கார்டைத் திருப்பி அனுப்பியதும் முழுப் பணமும் வந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: அந்தப் பொருளின் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருந்தார்கள். ஆனால் விமர்சனங்களும் நட்சத்திரங்களும் எல்லோருக்கும் பொது. ஒரிஜினல் விற்றவர் வாங்கிய நல்ல பெயரில் இவரும் விற்றிருக்கிறார். 'விற்பவர்' என்ற வரியைத் தட்டினால் அவருக்கான மதிப்பீடு தனியாக வருகிறது, அங்கே இதே புகார் ஏற்கெனவே இருந்தது.