ஹயபுசா எஞ்சின் போட்ட லோகாஸ்ட்: டிஃபரன்ஷியல் 3.92 போதுமா, 3.62 வேண்டுமா?

செவன்பிரியன்:
பிரிட்டனில் லோகாஸ்ட் சட்டகம் (லோட்டஸ் செவன் வடிவில் வீட்டிலேயே கட்டும் கார்). எஞ்சின் முதல் தலைமுறை சுசுகி ஹயபுசா 1300 பைக்கினுடையது, கியர்பாக்ஸும் அதனுடையதே. பின்னால் ஃபோர்டு சியராவின் 7 அங்குல டிஃப் (டிஃபரன்ஷியல்: சுற்றைக் குறைத்துப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது; 3.92 மாதிரி எண் அது குறைக்கும் மடங்கு). ஓட்டுநரோடு எடை 550 கிலோ வரும். டயர் 185/60 ஆர்13. ஷெல்ஸ்லி வால்ஷ், பிரெஸ்காட் மாதிரி ஹில் கிளைம்ப்தான் (மேட்டுப் பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் பந்தயம்) முக்கியம். வண்டியை அங்கே கொண்டுபோவதும் சாலையில் ஓட்டித்தான். 3.92 டிஃப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. யமஹா R1 பைக் எஞ்சின் வைத்திருப்பவர்கள் அதையே போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பல்சக்கரம்:
R1-க்குச் சொன்னது ஹயபுசாவுக்குப் பொருந்தாது. காரணம் முதல் கியர்.

ஹயபுசாவில் பிரைமரி (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலான முதல் குறைப்பு) 1.596. கியர்கள் 2.615, 1.937, 1.526, 1.285, 1.136, 1.043. பழைய R1-ல் (1998–2003) பிரைமரி 1.581, முதல் கியர் 2.500, ஆறாவது 1.115. உங்கள் டயரின் உருளும் சுற்றளவை 1.69 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். R1 3.62 டிஃபோடு 11,750 ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்று) முதல் கியரிலேயே மணிக்கு 83 கி.மீ. போய்விடும். அவ்வளவு நீளமான முதல் கியர், டார்க்கும் (திருப்பு விசை) குறைவு. கிளம்பும்போது கிளட்ச் தேய்கிறது. அதனால்தான் அவர்கள் 3.92 தேடுகிறார்கள்.

ஹயபுசா 11,000-ல் வெட்டும்; அதற்கு மேல் சுற்றாது, அதுதான் ரெட்லைன். அதே 3.62-ல் ஒவ்வொரு கியரிலும் 74, 100, 127, 150, 170, 185 கி.மீ. வரும். 3.92 போட்டால் முதல் கியர் 68-ல் முடிகிறது, ஆறாவது 171-ல். இவ்வளவு டார்க் உள்ள எஞ்சினுக்கு அந்த முதல் கியர் சக்கரத்தைச் சுழற்றத்தான் உதவும். பிடி கிடைப்பதற்குள் இரண்டாவது போட வேண்டியிருக்கும்.

சூத்திரம்: ஆர்பிஎம் ÷ (பிரைமரி × கியர் × டிஃப்) × சுற்றளவு × 0.06 = கி.மீ./மணி.

சுற்றளவை டயர் அளவிலிருந்து கணக்கிடாதீர்கள். காற்றைச் சரியாக வைத்து, ஓட்டுநரை உட்காரவைத்து, டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, மூன்று சுற்று தள்ளி அளந்து மூன்றால் வகுங்கள். எடை ஏறிய டயர் கணக்கில் வருவதைவிடச் சில சதவீதம் குறைவாகவே உருளும்.

செவன்பிரியன்:
நன்றி. அப்படியானால் 3.14 போட்டால் சாலைக்கும் சுகம்தானே? 213 கி.மீ. வருகிறது.

காற்றெதிரி:
வராது. செவன் உருவம் காற்றில் செங்கல். கூரையில்லாத உடல், வெளியே நிற்கும் சக்கரம், மட்கார்ட் எல்லாம் சேர்த்தால் இழுவைப் பரப்பு ஒரு சதுர மீட்டர் பக்கம் வரும். சக்கரத்துக்கு 110 கிலோவாட் போகிறது என்று வைத்தாலும் சமதளத்தில் 200 கி.மீ. அருகே நின்றுவிடும். 3.14-ல் ஆறாவது கியர் ரெட்லைனைத் தொடவே தொடாது.

ஆனாலும் அது வீண் இல்லை. மணிக்கு 100-ல் ஆறாவதில் 3.62 என்றால் 5,950 ஆர்பிஎம், 3.14 என்றால் 5,150. இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அந்த 800 பெரிய விஷயம். விலையை முதல் கியரில் கொடுக்கிறீர்கள்: மணிக்கு 85 கி.மீ. வரை நீளும் முதல் கியர், மேட்டில் நின்று கிளம்பும் ஸ்டார்ட். பைக் கிளட்ச் அதற்காகச் செய்ததல்ல. தட்டுகள் நீலம் பாய்ந்து, எண்ணெயில் கருகல் வாசனை வந்தால் அதுதான் காரணம். கடினமான ஸ்பிரிங் வழுக்கலைத் தடுக்கும். நீங்களே பாதிக் கிளட்சில் பிடித்து நிறுத்தும் சூட்டைத் தடுக்காது.

பல்சக்கரம்:
ஆமாம். உங்கள் உபயோகத்துக்கு என் தேர்வு 3.62, கிடைத்தால் 3.38-ஐயும் யோசிக்கலாம் (முதல் கியர் 79, ஆறாவது 198). எதில் முடிவெடுப்பது? ஷெல்ஸ்லியின் 914 மீட்டரில் முடிவுக்கோடு வேகமான இடம். உங்களைப் போன்ற எடை, சக்தி கொண்ட வண்டிகள் அங்கே எந்த வேகத்தில் தாண்டுகின்றன என்று நேரப் பட்டியலில் பாருங்கள். அந்த வேகம் ஒரு கியரின் ரெட்லைனுக்குச் சற்றே கீழே விழ வேண்டும். கோட்டுக்கு முப்பது மீட்டர் முன்னால் கியர் மாற்ற வைக்கும் ரேஷியோதான் மோசமான ரேஷியோ. பிரெஸ்காட்டில் கவலை வேறு: ஹேர்பின்னிலிருந்து வெளியே வரும்போது முதலா இரண்டாவதா என்ற குழப்பம் வரக்கூடாது.

கிரவுன்பினியன்:
வாங்கும் இடத்தில் சொல்லும் ரேஷியோவை நம்பாதீர்கள். சாதாரண டிஃப் என்றால் ஒரு பக்க ஃபிளாஞ்சை (சக்கர அச்சு இணையும் தட்டு) அசையாமல் பிடித்து, மறுபக்கத்தை 20 சுற்று சுற்றுங்கள். பினியன் (டிஃபுக்குள் சுற்றைக் கொண்டுவரும் சிறிய பல்சக்கரம்) 36 சுற்றும் சிறிதும் வந்தால் 3.62, 39 தாண்டினால் 3.92. எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப்) என்றால் இரு பக்கமும் சேர்த்து 10 சுற்று.

கிரவுன் பினியனை (உள்ளே உள்ள பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) மட்டும் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். ஜோடி ஜோடியாகத்தான் அவை தேய்ந்து பொருந்தியிருக்கும். பினியன் ஆழம், பேக்லேஷ் (பற்களின் இடைவெளி), பேரிங் பிரீலோட் (பேரிங்கின் முன்னழுத்தம்) மூன்றையும் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஒன்று பிசகினால் ஊளைச் சத்தம், பிறகு பல் உதிரும். முழு டிஃபாக மாற்றுவது மலிவு. 7 அங்குலம், 7.5 அங்குலம் இரண்டின் உள்பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

இன்னொன்று: டயரும் ஒரு ரேஷியோதான். 195/50 ஆர்15-க்கு மாறினால் சுற்றளவு சுமார் 4 சதவீதம் கூடும், 3.62 டிஃப் 3.47 போல நடக்கும். சக்கரத்தை முடிவு செய்யாமல் டிஃப் வாங்காதீர்கள்.

செவன்பிரியன்:
13 அங்குலத்திலேயே நிற்கிறேன். 3.92-ஐ விட்டுவிட்டு 3.62 பார்க்கிறேன். ஆறாவதில் 11,000 என்றால் டிஃபுக்குப் போகும் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 6,600 சுற்றுகிறது. ஒரே துண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட் தாங்குமா?

கிரவுன்பினியன்:
எஞ்சின் முன்னால் இருக்கும் செவனில் நீளம் அதிகம், ஒரே துண்டு அந்த வேகத்தில் நடுவில் வில்லாக வளைந்து அடிக்கும். நடு பேரிங்கோடு இரண்டு துண்டாகச் செய்து, சேர்த்த நிலையிலேயே பேலன்ஸ் பண்ணச் சொல்லுங்கள். டிஃப் மாற்றினால் இந்த 6,600 மாறாது. ஆறாவது கியர் ரெட்லைன் வரை அது அதேதான். நடுவே ரிவர்ஸ் பாக்ஸ் (பின்னோக்கி ஓட்ட உதவும் கியர் பெட்டி) வைப்பதாக இருந்தால் ஷாஃப்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அதைப் பொருத்தி நீளம் அளந்துவிடுங்கள்.