மலைநாட்டு வளைவுகளில் சிறிய சொகுசு எஸ்.யூ.வி.: ஓட்டியவர்களின் அனுபவங்கள்

தலவாக்கலையிலிருந்து

2016ஆம் ஆண்டுத் தயாரிப்பான பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 ஒன்றைப் பாவித்த வாகனமாக வாங்கி, நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் ஓட்டத் தொடங்கி இரண்டு ஆண்டுகளாகின்றன. இவ்வகை வாகனங்களைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர், நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்தை எத்தனை செக்கனில் எட்டுகிறது என்பதையே முதலில் சொல்கிறார்கள். என் வாகனத்துக்கு அது 9.7 செக்கன் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. லிந்துலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் அந்த நூறை நான் ஒருநாளும் கண்டதில்லை. கண்டிருந்தால் இதை எழுத இருந்திருக்கவும் மாட்டேன். ஆகவே, நமது ஏற்றத்திலும் இறக்கத்திலும் தங்கள் வாகனம் எப்படி நடந்துகொண்டது என்பதை ஓட்டியவர்களே இங்கே பகிர்ந்துகொண்டால், வாங்க எண்ணியிருப்பவர்களுக்கு அது கூடுதலாக உதவும்.

நானே தொடங்குகிறேன். இலங்கையில் இயந்திரக் கொள்ளளவு கூடக்கூட வரியும் கூடுவதால், சிறிய இயந்திரம் பொருத்திய சொகுசு வாகனங்களே இங்கே அதிகம் வந்து சேர்ந்தன. என்னுடையது 1,499 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்டது. 136 குதிரைவலு என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் அதன் முழு முறுக்குவிசையான, அதாவது சுழற்றித் தள்ளும் விசையான, 220 நியூட்டன் மீற்றர், நிமிடத்துக்கு 1,250 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து இறங்கும் கொழுந்து லொறிக்கு வழிவிட்டு ஏறத்தாழ நின்றுபோன பிறகு, உறுமாமல் மீண்டும் இழுத்து ஏறுவதற்கு வேண்டியது இதுதான். குதிரைவலு அங்கே இரண்டாம் பட்சம். அத்துடன் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்தும் டர்போ இல்லாத என் பழைய கார் அந்த அளவுக்கு வலுவை இழந்து மூச்சுத் திணறியது. டர்போ உள்ள இந்த இயந்திரத்தில் அந்த வேறுபாட்டை நான் உணரவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையதைப் போல முன்சில்லுகள் மட்டும் இழுக்கும் எந்த வாகனத்துக்கும் செங்குத்தான ஏற்றத்தில் ஓர் இயல்பான பலவீனம் உண்டு. ஏறும்போது பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. வளைவில் அது வெளிப்பக்கமாகவும் சாய்கிறது. ஆகவே உட்பக்க முன்சில்லில் மிகக் குறைந்த பாரமே எஞ்சுகிறது. மழையில் நனைந்த ரதல்ல குறுக்குப் பாதையில் அந்தச் சில்லு வழுக்குவதும், வழுக்கலை உணர்ந்த கணினி வலுவைக் குறைப்பதும், நான் மேலும் அழுத்துவதுமாக ஒரு நிமிடம் வியர்த்துப் போனேன். அழுத்தத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கைச் சற்று நேராக்கிய பிறகே ஏறியது.

ஹட்டனிலிருந்து, ஒரு சாரதி

எனக்குச் சொந்தமாக இருப்பது ஒரு முச்சக்கர வண்டிதான். ஆனால் ஒவ்வொரு டிசம்பரிலும் கொழும்பிலிருந்து வரும் குடும்பம் ஒன்றுக்குச் சாரதியாகச் செல்வதால், அவர்களுடைய போர்ஷே மக்கானை மூன்று முறை மலைநாடு முழுவதும் ஓட்டியிருக்கிறேன். இரண்டு லீற்றர் டர்போ இயந்திரம், 252 குதிரைவலு, 370 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, இரட்டைக் கிளச்சுடன் ஏழு கியர்கள். முதல் நாள் சாவியைக் கையில் வாங்கியபோது, காலை வைத்தால் பறந்துவிடுமோ என்று பயந்தேன். இத்தனை வலு இருந்தும் அது மெல்லப் போகும்போது அடக்கமாகவே போகிறது.

தலவாக்கலை நண்பர் சொன்ன வழுக்கலை நான் இதில் காணவில்லை. காரணம், இதில் வலு முதன்மையாகப் பின்சில்லுகளுக்குப் போகிறது. தேவைப்படும்போதுதான் முன்சில்லுகளும் சேர்ந்துகொள்கின்றன. பின் டயர்கள் முன் டயர்களைவிட அகலமானவை என்பதை அந்த வீட்டு ஐயா காட்டித்தான் அறிந்தேன். ஏற்றத்தில் பாரம் எங்கே சாய்கிறதோ அங்கேயே பிடிப்பும் இருப்பதால், கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வரையிலான ஈரமான வளைவுகளில், ஸ்டியரிங் காட்டிய கோட்டைவிட்டு அது ஒருமுறைகூட விலகவில்லை.

ஆனால் அகலம்! கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.92 மீற்றர் என்று கையேட்டில் இருக்கிறது. எதிரே இ.போ.ச. பஸ் வரும்போது, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மூடியில்லாத காண் என்ற நிலையில், 252 குதிரைகளும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் என் முச்சக்கர வண்டியை நினைத்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். சிறிய எஸ்.யூ.வி. என்று இதை வகைப்படுத்தியவர் புசல்லாவ நகரத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து

இருவரும் இயந்திரத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தில் கையாளுகையின் பாதி டயரில் இருக்கிறது. வாகனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. என்னுடையது 19 அங்குலச் சில்லுகளோடும், காற்றுப் போனாலும் ஓடக்கூடிய, பக்கச்சுவர் தடித்த டயர்களோடும் வந்தது. ஹப்புத்தளை வீதியில் மழைக்குப் பின் தோன்றும் குழிகளில் அது முதுகெலும்பையே எண்ண வைத்தது. வளைவின் நடுவில் குழி வந்தால் வாகனம் ஓர் அடி பக்கவாட்டில் துள்ளியது. சில்லை 17 அங்குலத்துக்குக் குறைத்து, மொத்த விட்டம் மாறாதபடி உயரமான பக்கச்சுவருள்ள சாதாரண டயர்களைப் போட்ட பிறகு அதே வளைவில் அது தரையோடு ஒட்டிப் போகிறது. தோற்றம் குறைந்துவிட்டது என்று மைத்துனர் இன்னும் குறைகூறுகிறார். உதிரிச்சில்லை மட்டும் மறக்காமல் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவிலிருந்து

வாகனத்தின் முன் இருக்கையிலிருந்து எழுதுபவர்களே அதிகம். பின் இருக்கையைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. மாதம் ஒருமுறை அவரைக் கண்டிக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். புதிதாக வாங்கிய ஆவலில், முதல் பயணத்தில் ஸ்போர்ட் நிலையில் வைத்து ஓட்டினேன். ஸ்டியரிங் இறுகியது, கியர் தாழ்ந்தே நின்றது, காலை வைத்ததும் வாகனம் பாய்ந்தது. எனக்கோ இருபது வயது குறைந்தது போலிருந்தது. இறம்பொடை சுரங்கப்பாதையைத் தாண்டுவதற்குள் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "நீ ஓட்டுறியா, என்னை உலுக்குறியா பிள்ளை?" என்று கேட்டுவிட்டார்.

அதன் பிறகு கவனித்துப் பார்த்ததில், தலைசுற்றலைக் கொண்டுவருவது வளைவு மட்டுமல்ல என்று கண்டேன். வளைவுக்குள் போய்ப் பிரேக்கை அழுத்துவதும், வெளியே வந்ததும் பாய்வதுமே அவரை அதிகம் வதைத்தன. இப்போது சாதாரண நிலையில் வைத்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரே வேகத்தில் திரும்பி, வெளியேறும்போது மெல்ல அழுத்துகிறேன். வியப்பு என்னவென்றால், கண்டி போய்ச் சேரும் நேரத்தில் ஐந்து நிமிடம்கூடக் கூடவில்லை. உண்மையாகவே வேகமாக ஓட்டிப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஏப்ரல் சீசனில் இங்கே நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் இருக்கிறது. பிரதான வீதியில் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

கொட்டகலையிலிருந்து, பௌதிகவியல் ஆசிரியர்

ஏறுவதைப் பற்றி இவ்வளவு பேசிய பின்பும் இறங்குவதை ஒருவரும் தொடவில்லை. நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தை இழக்கிறோம். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோகிராம் எடையுள்ள வாகனமென்றால், அந்த உயரத்தில் தேங்கியிருந்த சக்தி ஏறத்தாழ 22 மெகாஜூல்; அறுபத்தைந்து லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்கின்றன. மீதியை இயந்திரத்திடம் கொடுக்காவிட்டால் அத்தனையும் பிரேக் தட்டுகளுக்குத்தான் போகும். டிரைவ் நிலையில் விட்டால் எரிபொருளைச் சேமிக்கும் எண்ணத்தில் கியர் மேலேறிவிடுவதும், இயந்திரம் தடுப்பதை விட்டுவிடுவதும் தானியங்கிக் கியரின் பொதுவான குணம். எடை கூடிய வாகனங்களில் இது இன்னும் கடுமையாக இருக்கும்.

சகோதரரின் வாகனத்தில் ஒருமுறை நான் இதை நேரில் அனுபவித்தேன். இறம்பொடைக்குக் கீழே கருகிய வாடை வந்தது. பிரேக் பெடல் வழமையைவிட ஆழமாக இறங்கியது. பிரேக் எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை தாழ்ந்துவிடுகிறது; சூட்டில் அது கொதித்துக் குமிழி விட்டால் பெடல் இப்படி இறங்கும். மலைநாட்டில் ஓடும் வாகனத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றாமல் விடுவது ஆபத்து. வீதியோரம் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டோம். தண்ணீர் ஊற்றலாமா என்று சகோதரர் கேட்டார்; சூடேறிய தட்டில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணலாகிவிடும் என்று தடுத்துவிட்டேன்.

மீண்டும் தலவாக்கலையிலிருந்து

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்த மறுவாரமே நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கினேன். கியரைக் கையால் மாற்றும் நிலையில் வைத்து, கொண்டை ஊசிகளில் இரண்டிலும் மற்ற இடங்களில் மூன்றிலுமாக, ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்கினேன். இயந்திரம் 3,500 சுற்றில் முனகியபோது மனைவி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். அந்தந்த நேரத்து எரிபொருள் செலவைக் காட்டும் காட்டியோ அப்போது பூச்சியத்தில் நின்றது. கம்பளையில் நிறுத்தி, சில்லைத் தொடாமல் அதன் அருகே கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு மட்டும்தான் இருந்தது.

ஒரு கேள்வி. இந்த இயந்திரத்துக்கு ஒக்டேன் 95 பெற்றோல்தான் போடுகிறேன். நம் பக்கத்தில் எல்லா நிரப்பு நிலையங்களிலும் அது கிடைப்பதில்லை. வெலிமடை வழியாகப் பதுளைக்குப் போகிறவர்கள் எங்கே நிரப்பிக்கொள்கிறீர்கள்?