மஞ்சள் சோறு குழைந்து, அடிப்பிடித்து, செம்மை படர்ந்துவிடுகிறது: காரணம் என்ன?

கேள்வி (மல்லாவி)

வணக்கம். மஞ்சள் சோறு ஆக்குவதில் இரண்டு முறை தோற்ற பிறகே இதை எழுதுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை என் மாமியாருக்கு 60 வயது நிறைகிறது. வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறிச் சாப்பாடுதான். 25 பேர் வரையில் வருவார்கள். வெறுஞ்சோற்றுக்குப் பதிலாக மஞ்சள் சோறும், பருப்பும், கத்தரிக்காய்ப் பிரட்டலும், வாழைக்காய்ப் பொரியலும் வைப்போம் என்று யாரும் கேட்காமலே நானே சொல்லிவிட்டேன்.

குறிப்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவுடையது. கீரிச் சம்பா அரிசி 3 சுண்டு (அரிசி அளக்கும் பேணி), தேங்காய்ப்பாலும் தண்ணீருமாக 6 சுண்டு, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, ஏலக்காய் 5, கராம்பு 5, விரல் நீளக் கறுவாப்பட்டை ஒன்று, அரைச் சாண் ரம்பை இலை, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, மிளகு 10, நெய் 2 மேசைக்கரண்டி. வெங்காயத்தையும் வாசனைப் பொருட்களையும் நெய்யில் வதக்கி, கொதிநீரில் மஞ்சளையும் உப்பையும் கரைத்து ஊற்றி, அரிசியைப் போட்டு, தேங்காய்ப்பாலை விட்டு மூடிவிட வேண்டும். அவர் வீட்டில் இந்தச் சோறு மணி மணியாக உதிர்வதை நான் பலமுறை உண்டு பார்த்திருக்கிறேன்.

என் கையில் அது வேறு விதமாகிறது. அடியில் இரண்டு விரல் தடிப்பில் கருகல், நடுவில் கஞ்சி, மேலே பல்லில் கடிபடும் அரிசி. இவை மூன்றும் ஒரே பானையில் எப்படிச் சேர்ந்தன என்பது எனக்கு விளங்கவில்லை. நிறமும் மஞ்சளாக இல்லை. செங்கல் தூளைத் தூவியது போல ஒரு செம்மஞ்சள், அதுவும் திட்டுத்திட்டாக. வாயில் வைத்தால் சிறு கசப்பு. இரண்டாம் முறை தீயைக் குறைத்தும் மாற்றமில்லை. அனுபவமுள்ளவர்கள் எங்கே பிழை என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி (முள்ளியவளை)

பிள்ளை, குறிப்பில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. நிறத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு சந்தேகம். 2020 இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை ஏறிய காலத்தில் அரிசிமாவும் வேறு பொருட்களும் கலந்த தூளை வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் தூள் கடையில் வாங்கியதா? அதோடு, வாசனைப் பொருட்களை வதக்கும்போது கராம்பு கறுத்துவிட்டதா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். கருகிய கராம்பும் கருகிய கறிவேப்பிலையும் முழுப் பானையையும் கசப்பாக்கும். நெய் சூடானதும் முதலில் வெங்காயத்தைப் போட்டு, அது ஈரம் விட்டுக் கண்ணாடி போல ஆன பிறகே மற்றவற்றைப் போட வேண்டும். வெங்காயத்தின் ஈரம் அவற்றைக் கருகாமல் காக்கும்.

எந்த அரிசி, எந்த அடுப்பு, எந்தத் தண்ணீர் என்பதை நீங்கள் எழுதவில்லையே.

கேள்வி கேட்டவர்

அம்மா, மிக்க நன்றி. கராம்பை வெங்காயத்துக்கு முன்பே போட்டேன்; அது கறுத்ததும் உண்மை. மஞ்சள் கடைத்தூள் அன்று. விரலி மஞ்சளை வாங்கி வீட்டிலேயே இடித்து அரித்தது. அரிசி எங்கள் வயலில் இந்தக் காலபோகத்தில் வெட்டிய நெல். அவிக்காமல் பச்சையாகக் குற்றுவித்த வெள்ளை அரிசி. கடையில் கீரிச் சம்பா வாங்குவதற்கு மனம் வரவில்லை. வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் கிடக்கிறது. அடுப்பு விறகடுப்பு. தண்ணீர் எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் உட்புறத்தில் மாதத்துக்கு ஒருமுறை வெள்ளையாகப் படை பிடிக்கும், அதைப் புளி போட்டுக் கழுவுவேன். சமைத்த அன்று காலையிலிருந்து கேத்திலில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரையே பானைக்குள் ஊற்றினேன்.

மறுமொழி (வவுனியா)

சகோதரி, நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் என்னுடையது. உங்கள் கடைசி இரண்டு வசனங்களில்தான் நிறத்துக்கான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆலாத்திக்கு எப்படிச் செந்நீர் கரைக்கிறோம்? மஞ்சளைக் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலக்கிறோம். அது உடனே சிவக்கிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்னும் பொருள் புளிப்பான நீரிலும் நடுநிலையான நீரிலும் மஞ்சளாகவும், காரத்தன்மை (சுண்ணாம்பு, சாம்பல் போன்றவற்றின் தன்மை) கூடிய நீரில் சிவப்பாகவும் தோன்றும். கேத்திலில் வெள்ளைப் படை பிடிக்கச் செய்யும் கிணற்று நீரில் இருகாபனேற்று உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்த நீரைக் கொதிக்க வைக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறி, சுண்ணாம்புப் பொருள் படையாகப் படிந்து, நீரின் காரத்தன்மை கூடுகிறது. காலையிலிருந்து கொதித்த நீர் என்றால் நீங்கள் பானைக்குள் ஏறத்தாழ ஆலாத்தியைத்தான் கரைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் மென்மையான ஆலாத்தி.

திட்டுத்திட்டாக வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தேங்காய்ப்பால் சற்றுப் புளிப்புப் பக்கம் சாய்ந்தது. அதை மேலே ஊற்றிக் கிளறாமல் மூடியதால், பால் பட்ட இடம் மஞ்சளாகவும் படாத இடம் செம்மையாகவும் நின்றிருக்கும்.

அரிசியை வீணாக்காமல் இதைச் சோதிக்கலாம். இரண்டு குவளைகளை எடுத்து, ஒன்றில் அந்தக் கேத்தில் தண்ணீரையும் மற்றதில் கடையில் விற்கும் சுத்திகரித்த குடிநீரையோ சேமித்த மழைநீரையோ கொதிக்க வைத்து ஊற்றி, இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். சிவந்திருக்கும் குவளைக்குள் பிறகு நாலு துளி தேசிக்காய்ப் புளியை விடுங்கள். மஞ்சள் திரும்பிவிட்டால் காரணம் தண்ணீர்தான். பானையின் வெளிப்புறத்தில் கரி பிடிக்காமல் இருப்பதற்குச் சாம்பல் பூசும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால், சாம்பல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் காரமே.

மறுமொழி (முள்ளியவளை)

மாஸ்டர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பிள்ளை, தேசிக்காய்ப் புளியைக் கொதிக்கும் பாலுக்குள் விட்டுவிட வேண்டாம். பால் திரிந்து நெய் வேறு, தண்ணீர் வேறு என்று பிரிந்து நிற்கும். நான் ஒருமுறை விட்டு, வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் தலைகுனிந்தேன்.

மறுமொழி (வவுனியா)

அம்மா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். பால் சேரும் முன்பே, மஞ்சள் கரைத்த தண்ணீரில் நாலைந்து துளி விட்டால் போதும். சோற்றில் புளிப்புத் தெரியக்கூடாது. சுத்திகரித்த நீரிலேயே ஆக்குவதானால் புளி தேவையே இல்லை.

மறுமொழி (ஒட்டுசுட்டான்)

தங்கச்சி, நான் கோயில் அன்னதானத்துக்கும் கலியாண வீடுகளுக்கும் சமைக்கிறவன். நிறத்தை மாஸ்டர் பார்த்துக்கொண்டார். குழைவையும் அடிப்பிடிப்பையும் நான் சொல்கிறேன்.

உங்கள் அக்காவின் அளவு அவருடைய அரிசிக்குச் சரியான அளவு. கடையில் வரும் கீரிச் சம்பா பெரும்பாலும் புழுங்கல். நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை அவிந்து காய்ந்து இறுகியது, குற்றிய பிறகும் சில மாதம் கிடந்தது. அது ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீரைக் குடித்துவிட்டு மணியாகவே நிற்கும். உங்களுடையதோ மாசியில் வெட்டிப் பங்குனியில் உலைக்கு வந்த பச்சையரிசி. புது அரிசி தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். மிஞ்சிய தண்ணீரில் தன் மாவைக் கரைத்துவிடும். 3 சுண்டுக்கு 6 சுண்டு என்பது அதற்குப் பொங்கல் அளவு. பாலும் தண்ணீரும் எல்லாமாக நாலரைச் சுண்டுக்கு மேல் போகாதீர்கள். அரிசியை மூன்று நான்கு தண்ணீரில் தெளியும் வரை கழுவி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, சுளகிலோ வடிதட்டிலோ நன்றாக வடியவிட்டு, வதக்கிய நெய்க்குள் போட்டு மணிகள் பளபளக்கும் வரை இரண்டு மூன்று நிமிடம் பிரட்டுங்கள். இந்தப் பிரட்டலை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நெய் பூசிய மணி மற்ற மணியோடு எளிதில் ஒட்டாது.

இனி உங்கள் மூன்று அடுக்குப் பானை. முதற்பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தடித்த பாலில் உள்ள இனிப்பும் சக்கையும் அடியில் படிந்து முதலில் கருகும். கரைந்த மாவும் அதோடு சேர்ந்து களியாகி நடுவில் நின்றுவிட்டால், கீழிருந்து வரும் ஆவி மேலே ஏற வழியில்லை. ஆகவே மேல் அரிசி வேகாது. நீங்கள் தீயைக் குறைத்தும் பயனில்லாமல் போனதன் காரணம் இதுதான். இரண்டாம் பாலில் சோற்றை வேகவிடுங்கள். தண்ணீர் வற்றி, சோற்றின் மேல் சிறு சிறு குழிகள் தெரியும் நேரத்தில், முதற்பால் அரைச் சுண்டை உப்புச் சேர்த்துச் சுற்றிவரத் தெளித்து, அகப்பைக் காம்பால் மெதுவாக ஒருமுறை மட்டும் புரட்டி மூடுங்கள். அந்த அரைச் சுண்டும் நாலரைக்குள் அடக்கம்.

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. காஸ் அடுப்பில் திருகியைத் திருப்பினால் தீ உடனே அடங்கும். விறகடுப்பில், அதுவும் பாலை மரத்து விறகு என்றால், கொள்ளியை இழுத்த பிறகும் தணல் நெடுநேரம் அடங்காது. எங்கள் பக்கத்தில் பாலை விறகுக்கு இருக்கும் நல்ல பெயரே அதனால்தான். குழி தெரிந்தவுடன் கொள்ளிகளை முழுவதும் இழுத்துவிட்டு, தணலையும் பாதி வெளியே தள்ளி, அதில் ஒரு பங்கை மூடியின் மேல் பரப்புங்கள். மூடிக்குக் கீழே, சோற்றின் மேல் ஒரு வாழையிலைத் துண்டை வாட்டிப் போடுங்கள். ஆவி வெளியேறாது, வாசமும் வேறாக இருக்கும். 15 நிமிடம் மூடியைத் திறந்து பார்க்கக்கூடாது. ரம்பையை முடிச்சுப் போட்டுப் போடுங்கள், பிறகு எடுப்பதற்கு வசதி.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை முதலில் குவளைச் சோதனையைச் செய்தேன். கேத்தில் தண்ணீர் ஊற்றிய குவளை மருதோன்றிச் சாறு போலச் செம்மஞ்சளாகிவிட்டது. கடைத்தண்ணீர் ஊற்றியது தெளிந்த மஞ்சளாகவே நின்றது. தேசிக்காயைப் பிழிந்ததும் முதலாவது குவளையும் மஞ்சளாக மாறியதைப் பார்த்து என் மகன் இன்னும் நாலு குவளை வைத்துத் தரச் சொல்லி அடம்பிடித்தான். ஒரு தேசிக்காய் முழுவதும் அவனுக்கே போய்விட்டது.

இன்று காலை 3 சுண்டு ஆக்கினேன். சுத்திகரித்த நீரில் பிழிந்த இரண்டாம் பால் 4 சுண்டு, கடைசியில் முதற்பால் அரைச் சுண்டு. கராம்பை வெங்காயத்துக்குப் பிறகு போட்டேன், கசப்பு இல்லை. நிறம் அக்கா வீட்டு நிறமே. சோறு உதிர்ந்தது என்று துணிந்து சொல்ல முடியாது; ஆனால் குழையவில்லை, மேலே அரிசியும் இல்லை. அடியில் ஒரு பொன்னிறத் தோல் மட்டும் பிடித்திருந்தது. அதை என் மாமனார் சுரண்டி எடுத்துக் கருவாட்டுக் குழம்போடு தின்று முடித்துவிட்டார்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. 25 பேருக்கு 14 சுண்டு அரிசி வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பெருக்கினால் போதுமா?

மறுமொழி (ஒட்டுசுட்டான்)

புது அரிசி முற்றாக உதிராது, தங்கச்சி. அதற்கு நெல் இன்னும் மூன்று நான்கு மாதம் கிடக்க வேண்டும். சிறுபோக அறுவடைக் காலத்தில் இதே நெல்லைக் குற்றி ஆக்கிப் பாருங்கள், அப்போது தண்ணீரையும் சற்றுக் கூட்ட வேண்டிவரும்.

பெருக்குவதைப் பொறுத்தவரை, அரிசி, உப்பு, மஞ்சள், நெய் ஆகியவற்றை அதே விகிதத்தில் பெருக்கலாம். தண்ணீரை அப்படிப் பெருக்கக்கூடாது. பெரிய பானையில் அரிசி கூடும் அளவுக்கு ஆவியாகிப் போகும் தண்ணீர் கூடுவதில்லை. 14 சுண்டுக்குக் கணக்குப்படி 21 சுண்டு வரும். நீங்கள் 19 உடன் தொடங்கி, பக்கத்தில் ஒரு சுண்டு கொதிநீரை வைத்துக்கொண்டு, தேவையானால் மட்டும் தெளியுங்கள். கராம்பையும் கறுவாவையும் முழுதாகப் பெருக்காமல் மூன்று மடங்கோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சோறு மருந்துக் கடை போல மணக்கும். புது அரிசி ஒரே பானையில் 14 சுண்டு என்றால் மேல்பாரம் கீழ்ச்சோற்றை நசித்துவிடும் என்பதும் உண்டு. என்னிடம் கேட்டால், 7 சுண்டாக இரண்டு பானைகளில் ஏற்றுங்கள்; ஒவ்வொன்றுக்கும் பத்துச் சுண்டு போதும்.

மறுமொழி (முள்ளியவளை)

கஜூவும் பிளம்ஸும் (உலர்திராட்சை) சேர்ப்பதானால் அவற்றைப் பானைக்குள் போட்டுவிட வேண்டாம், பிள்ளை. தனியே நெய்யில் பொரித்து வைத்து, பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். பிளம்ஸ் ஊறினால் சோறு இனித்துப் போகும், பருப்போடு சேராது.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்கிறேன், அம்மா. அண்ணா, இரண்டாவது பானையை அயல் வீட்டில் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பானையிலும் சாம்பல் பூசும் வழக்கம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்கிறேன். சுத்திகரித்த தண்ணீருக்கு வியாழன் மாலையே இரண்டு கலன் சொல்லி வைத்துவிட்டேன்.