மிக்ஸிக்கு முத்திரையா? யாருக்கிட்ட கதை விடுறீங்க

மண்டபம் டைனமோ: தங்கச்சிமடத்துப் பையன் ஒருத்தன் கடல்ல வலை இழுக்குறப்ப தலையில மாட்டுற லைட்டு செஞ்சு நேத்து படம் போட்டான். உடனே ஒரு மேதாவி, "அமெரிக்காவுல மிக்ஸி டிசைன் பண்ணவே பி.இ, அதாவது புரொபஷனல் இன்ஜினியர் லைசென்ஸ் வேணும், டிராயிங்ல அவரு முத்திரை வேணும், டிப்ளமோகூட முடிக்காதவன் லைட்டு செய்யலாமா"ன்னு எழுதுறாரு. பச்சைப்பொய். முத்திரையெல்லாம் பாலத்துக்கு, கட்டடத்துக்கு. கம்பெனிக்குள்ள உக்காந்து பொருள் டிசைன் பண்றவனுக்குப் பெரும்பாலான மாநிலத்துல விலக்கு இருக்கு.

ராம்நாடு சிவில்: அந்த மேதாவி நாந்தாண்ணே. நேராவே திட்டலாம். விலக்குன்னு ஒன்னு இருந்தா லைசென்ஸும் இருக்குன்னுதானே அர்த்தம்? நானும் பி.இதான், முத்திரையோட மதிப்பு எனக்குத் தெரியும்.

மண்டபம் டைனமோ: ஏப்பு, உன்னோடது டிகிரி. அமெரிக்காக்காரன் பி.இ லைசென்ஸு, பரீட்சை எழுதி வேலையும் பாத்து வாங்குறது. இங்க ஆர்க்கிடெக்டுக்கு 1972-லயே சட்டம் வந்துருச்சு, இன்ஜினியருக்கு நாடு முழுக்க அப்படி ஒன்னு இருந்தா காட்டு. மிக்ஸிக்கு முத்திரை எங்க?

ராம்நாடு சிவில்: 1937-ல டெக்சாஸ்ல பள்ளிக்கூடம் வெடிச்சு 300 பேர் கிட்ட செத்தப்புறம்தான் அங்க லைசென்ஸ் சட்டமே வந்துச்சு. உயிருண்ணே.

மண்டபம் டைனமோ: அது கேஸ் கசிஞ்சு வெடிச்சது. மிக்ஸியா?

கீழக்கரை பாய்: முத்திரையப் பத்தி எங்ககிட்ட கேளுங்க. 2018-ல குவைத்துல காலேஜுக்கு என்.பி.ஏ (நம்மூர்ல படிப்போட தரம் பாக்குற வாரியம்) அங்கீகாரம் இல்லன்னு நம்ம பசங்க இன்ஜினியர் இகாமாவுக்கு, அதான் அங்க தங்குற பெர்மிட்டுக்கு, என்ன பாடு பட்டாங்க. பத்து வருஷ அனுபவம் கணக்குல வரல.

ராம்நாடு சிவில்: பாய், நடுவுல குவைத் எதுக்கு?

கீழக்கரை பாய்: நீங்க டெக்சாஸ் போலாம், நாங்க குவைத் போகக்கூடாதோ?

மண்டபம் டைனமோ: 1907-ல அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல மொத லைசென்ஸ் சட்டம் வந்ததே தண்ணி உரிமைக்குக் கண்டவனும் வரைபடம் வரைஞ்சு குடுத்ததாலதான், மிக்ஸி வெடிச்சு இல்ல. நம்மூர்ல பாக்க வேண்டியது பொருளை. கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ, லித்தியம் பேட்டரிக்கு பி.ஐ.எஸ்-ங்குற தர நிர்ணய ஆபீஸோட பதிவு நம்பர். டிசைன் பண்ணவன் என்ன படிச்சான்னு அதுல கேக்குறானா? போன வருஷம் ஒரு கடையில பெரிய பெட்டி போட்ட லைட்டு வாங்குனேன், பத்தே நாள், உப்புக்காத்துல ஸ்பிரிங்கு பச்சை பூத்து தொட்டா உதிருது, பேட்டரி செல்லு உப்பி மூடியையே தள்ளிருச்சு. இந்தப் பையன் முனையில கிரீஸ் தடவி, மூடிக்கு சைக்கிள் டியூப்ப வெட்டி வாஷர் போட்டுருக்கான். கடலுக்குப் போறவனுக்குத்தான் அது தோணும்.

தொண்டிக்காரன்: பழைய லேப்டாப்புல கழட்டுன செல்லுதானே போட்டுருக்கான்? அதுக்குப் பதிவு நம்பர் எங்கண்ணே? நீங்க காயில் சுத்திக் குடுத்த மோட்டாரும் ரெண்டு மாசத்துல புகைஞ்சுச்சே.

மண்டபம் டைனமோ: உங்க வீட்டு வோல்டேஜுக்கு நானா பொறுப்பு? பாதி காசு இன்னும் பாக்கி, அதச் சொல்லு மொதல்ல.

ராம்நாடு சிவில்: செல்லுக்குப் பதில் வரல. வீட்டு பிளானுக்கு மட்டும் கையெழுத்துக்கு எங்ககிட்டதான் வரீங்க.

மண்டபம் டைனமோ: வரோம், காசு குடுத்து. மிக்ஸிக்கு வரல.

பாம்பன் காத்து: சண்டை கிடக்கட்டும், லைட்டு என்ன வெல?